பார்க்காமல் சொன்ன பதில்

மொறுக்...

அந்தச் சத்தத்தோடுதான் இந்தக் கதை ஆரம்பமானது. குழலோசை இல்லை, பூமழை இல்லை. பதினேழாம் நம்பர் சீற்றில் வைத்திருந்த முறுக்குப் பையின் மேல் ஒரு ஆறடி ஆண்பிள்ளை குந்திய சத்தம்.

"ஐயோ... கண் தெரியேல்லையே உங்களுக்கு?"

"சொறி... சொறி... கறுப்புச் சீற்றில கறுப்புப் பை... கவனிக்கேல்லை."

அவன் பாய்ந்து எழும்பினான். தலை மேல்தட்டில் 'டங்' என்று இடித்தது. கம்சிகாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் இருக்கிறவள் சிரிக்கலாமா? உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கோலியர்ஸ் வுட் வீட்டில் அம்மா அரை நாள் அடுப்படியில் நின்று சுட்ட முறுக்கு அது. லண்டனில் ஏறி, கொப்பன்ஹேகனைத் தாண்டி, ஸ்ரொக்ஹோமைத் தாண்டி, ஒன்றும் உடையாமல் ஒஸ்லோ வரை வந்துவிட்டது. இன்று காலை ஒரே குந்தில் மா ஆகிவிட்டது.

"என்ன சத்தம் அங்க? பதினெட்டு... என்ன பிரச்சினை?"

மைக்கில் கேட்டவர் இராசரத்தினம். லண்டன் தமிழர் நாற்பத்தெட்டுப் பேரை ஒன்பது நாளில் ஸ்கண்டிநேவியா முழுக்கச் சுற்றிக்காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு வந்தவர். முந்திக் கணக்கு வாத்தியார். மனுசருடைய பேர் அவருடைய மண்டையில் நிற்காது, எண் மறக்கவே மறக்காது. அதனால் பஸ்ஸில் எல்லாருக்கும் சீற் நம்பர்தான் பேர். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி ஏறும்போது ஆளாள் தன் நம்பரைச் சத்தமாகச் சொல்லவேண்டும். டொக்டர் என்றாலும் சரி, கடை முதலாளி என்றாலும் சரி, "முப்பத்தொண்டு!" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கத்தினால்தான் பஸ் நகரும்.

"பதினேழு இனித் தம்பி. லண்டனில இருந்து ஒஸ்லோவுக்கு வேலை அலுவலா வந்தவர், என்ர மனுசி பக்கத்துச் சொந்தம். இண்டைக்கு ஒரு நாள் எங்களோட வாறார். பதினெட்டு, கொஞ்சம் அரக்கி இருங்கோ பிள்ளை."

கம்சிகாவின் அம்மா சந்திரவதனாவின் இடம்தான் அந்தப் பதினேழு. பஸ் வளைவு எடுத்தால் அவருக்குத் தலை சுற்றும். ஸ்ரொக்ஹோமிலேயே முன் சீற்றுக்கு மாறி, இஞ்சி மிட்டாயும் கையுமாக இருந்துவிட்டார். மகளுக்கு ஜன்னல்பக்கமும் நிம்மதியும் கிடைத்திருந்தன. இன்றைக்கு அந்த நிம்மதிக்கும் ஆப்பு.

அவள் அரக்கி இருந்தாள். அவன் முறுக்குத் தூள் பையைக் கையில் ஏந்திக்கொண்டு, குற்றவாளி மாதிரிப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் சஞ்சயன்."

அப்போதுதான் அவள் அவனை நேராகப் பார்த்தாள். கொஞ்சம் நரை கலந்த தாடி... எப்போதும் எதையோ கேட்கப்போகிற மாதிரி ஒரு பார்வை... இடது புருவத்துக்கு மேலே பிறை மாதிரி ஒரு தழும்பு...

அந்தத் தழும்பு!

ஏழு வருசத்துக்கு முதல், அம்மாவின் போனில் வந்த ஒரு படத்தை யாருக்கும் தெரியாமல் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவள் அவள். சின்ன வயசில் சைக்கிளில் விழுந்திருப்பாரோ என்று தனக்குள் கதை கட்டியவள். அந்தப் புருவம்... அந்தப் பேர்... சந்தேகமே இல்லை. அவனேதான்.

"உங்கட பேர்?" என்று கேட்டான்.

"பதினெட்டு."

"அது சீற்றின்ர பேரல்லோ?"

"இந்த பஸ்ஸில அதுதான் என்ர பேரும்."

முகத்தை ஜன்னல்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒஸ்லோவின் தூறல் கண்ணாடியில் கோடு கோடாக இறங்கியது. கண்ணுக்குள்ளும் அதே தூறல்தான்... ஆனால் அதை அவன் பார்க்கக்கூடாது. ஏற்கனவே ஒருதரம் பார்த்தவன் அல்லவா? பார்த்துவிட்டு வேண்டாம் என்றவன் அல்லவா?

லண்டனில் நம் ஆட்கள் கண்டுபிடித்த ஒரு நாகரிகம் இருக்கிறது. பொம்பிளை பார்க்க வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிடுவதெல்லாம் பழைய பாணியாகிவிட்டது. இப்போது கோயிலில்தான். "நீங்கள் வெள்ளிக்கிழமை கும்பிட வாற மாதிரி வாங்கோ. பெடியனும் கும்பிட வாற மாதிரி வருவான். பிடிச்சால் கதைப்பம், இல்லாட்டி ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது." ஒருவருக்கும் ஒன்றும் தெரியாதாம்! பொம்பிளைக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், மூலஸ்தானத்தில் நிற்கிற முருகனுக்கும் தெரியும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, ஆர்ச்வே ஸ்ரேசனில் இறங்கி, ஹைகேட் மலை முருகன் கோயிலுக்கு அப்பாவோடு ஏறினாள் கம்சிகா. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு. மாம்பழ மஞ்சளில் சீலை. அப்பா சிவானந்தன் சப்பாத்துக் கழற்றி வைக்கிற தட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். அங்கே நின்றால்தான் வாசல் தெரியுமாம். ஊர்ச் சண்டையில் ஷெல் துண்டு பட்டு, காலை இழுத்து இழுத்து நடக்கிற மனுசன். அந்தக் காலைப்பற்றி மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லவேண்டாம் என்று புரோக்கரைக் கெஞ்சிக் கேட்டிருந்தார். பூசை முடிந்தது... விபூதி தந்தார்கள்... சனம் கலைந்தது... கோயில் பூட்டும்வரைக்கும் நின்றார்கள். ஒருவரும் வந்து கதைக்கவில்லை.

அடுத்த நாள் புரோக்கர் போன் எடுத்தார்.

"பெடியன் பார்த்தவனாம். பிடிக்கேல்லையாம்."

அவ்வளவுதான். அப்பா போனை வைத்துவிட்டுத் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னில என்ன குறை பிள்ளை? என்ர காலைக் கண்டிருப்பாங்கள்..." என்றார். அதற்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டிலும் அவர் மகளோடு சேர்ந்து நடந்ததில்லை. நாலு அடி பின்னால் வருவார். போட்டோ எடுக்கக் கூப்பிட்டால், "நீங்கள் எடுங்கோ... நான் கார் பார்க்கிங்கைப் பார்த்திட்டு வாறன்" என்பார். போன வருசத்துக்கு முதல் வருசம் ஒரு காலையில், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே போய்விட்டார். கடைசிவரைக்கும் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டே போனார்.

இப்போது அந்தப் 'பிடிக்கேல்லை' பக்கத்துச் சீற்றில் இருந்து முறுக்குத் தூளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"நல்ல உறைப்பு..." என்றான். "உடைஞ்சாலும் ருசி போகேல்லை."

"உங்களை ஆர் சாப்பிடச் சொன்னது?"

"சாட்சியை அழிக்கிறன்."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கவில்லை என்றுதான் சத்தியம் பண்ணுவாள். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த முகம் மட்டும் வேறு சாட்சி சொன்னது.

பஸ் ஏரிக்கரையோடு மேலே மேலே ஏறியது. பச்சை மலைகளின் தோளில் முகில் படுத்திருந்தது. ஃபாகர்நெஸ் என்ற சின்ன ஊரில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். எல்லாரும் கழிப்பறைக்கு ஓடினார்கள், இவன் மட்டும் மழையில் எதிர்ப்பக்கம் ஓடினான். திரும்பி வரும்போது கையில் ஒரு கடதாசித் தட்டு.

"முறுக்குக்குப் பதில்..."

நோர்வேக்காரரின் வாஃபிள். ஆவி பறந்தது. வடிவமோ... அச்சு அசல் இதயம்.

"இதென்ன வடிவம்?" என்று புருவத்தை உயர்த்தினாள்.

அவன் காது இரண்டும் சிவந்துபோயின. "ஐயோ... இஞ்ச எல்லாத்தையும் உந்த அச்சிலதான் சுடுகினம். சத்தியமா நான் கேட்டு வாங்கேல்லை!"

இந்தத் தரம் அவளால் அடக்க ஏலவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் உறைத்தது... எவ்வளவு காலமாகிவிட்டது இப்படிச் சிரித்து! அவன் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கேயோ கண்ட முகத்தைத் தேடுகிற மாதிரி ஒரு பார்வை... மழைத்துளி அவன் இமையில் தொங்கிக்கொண்டிருந்தது.

'மறந்துபோனானா?' என்று அவள் மனம் குமுறியது. 'நாலு முழத் தூரத்தில் நின்று என்னைப் பார்த்து வேண்டாம் என்றவன்... அந்த முகத்தைக்கூட ஞாபகம் வைக்கவில்லையா? அவ்வளவுதானா நான்?' வாஃபிளை அவனிடமே திருப்பிக் கொடுக்க நினைத்தாள். ஆனாலும் முழுக்கச் சாப்பிட்டாள். அதை நினைத்துத் தன்மேலேயே கோபம் வந்தது.

"ஒண்டு... ரெண்டு... மூண்டு..." எண்ணிக்கை ஓடியது. "பதினேழு!" என்றான் அவன். "பதினெட்டு," என்றாள் அவள். இரண்டு எண்களும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. இராசரத்தினத்துக்கும் அது பட்டிருக்கவேண்டும்.

"பதினேழாம் நம்பர் தம்பி இன்னும் தனி ஆள். நல்ல பெடியன். ஆருக்கும் விருப்பமெண்டா முன்னுக்கு வந்து என்னட்டைச் சொல்லுங்கோ!"

பஸ் முழுக்கச் சிரித்தது. அம்மாவும் முன்னுக்கு இருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அம்மாவுக்கு அந்த முகம் ஞாபகம் இல்லை. படத்தை ஒரு தரம்தான் பார்த்தவர். நல்லவேளை என்று கம்சிகா மூச்சுவிட்டாள்.

மத்தியானம் மலை உச்சியில், மழைக்கு ஒதுங்கிய ஒரு மரக்கூரையின் கீழ் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அவன் தன் வேலையைப்பற்றிச் சொன்னான். சுரங்கப்பாதைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் கணக்குப் போடுகிற எஞ்சினியர். இன்றைக்கு பஸ் போகப்போகிற லார்டால் சுரங்கத்தை ஒருதரம் கண்ணால் பார்க்கத்தான் இராசரத்தினத்திடம் இடம் கேட்டானாம்.

"இருபத்திநாலரைக் கிலோமீற்றர்! இருபது நிமிசம் மலைக்குள்ளயே ஓடுவம். நடுவில மூண்டு இடத்தில பெரிய குகை மாதிரி வெட்டி, நீல வெளிச்சம் போட்டிருக்கினம். வாகனம் ஓடுற ஆளுக்குப் பயம் வராமல், நித்திரை வராமல்..." கையில் புட்டோடு மலை வெட்டிக் காட்டினான். "நீங்கள் என்ன வேலை?"

"ஆக்களின்ர உள்ளுக்குப் பார்க்கிற வேலை. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறனான்."

"அப்ப என்ர உள்ளுக்கு என்ன தெரியுது?"

"இதுவரைக்கும் முறுக்குத்தான்."

அவன் சிரித்தான். அவளும்தான். கூரை விளிம்பில் இருந்து மழை நூலாக இறங்கியது. அம்மாவைப் பஸ்ஸுக்குக் கூட்டிப்போக அவள் எழும்பியபோது, அவன் முந்திக்கொண்டு குடையை விரித்து அம்மாவுக்குப் பிடித்தான். அம்மாவின் நடைக்குத் தன் நடையை மெதுவாக்கினான். 'பகிடியும் இருக்கு... பண்பும் இருக்கு...' என்று அவள் மனம் கணக்குப் போட்டது. 'கடவுளே... இவர் ஏன் அந்த ஆளாக இருக்கவேண்டும்?'

கேட்காமல் விட்டிருக்கலாம். அந்த ஒரு நாளைக் கனவு மாதிரி வைத்துக்கொண்டு லண்டனுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் ஏழு வருசம் உள்ளே கிடந்த முள் சும்மா கிடக்குமா?

பின்நேரம் பஸ் சுரங்கத்துக்குள் நுழைந்தது. வெளிச்சம் சட்டென்று அறுந்தது. கதை குறைந்து, எல்லாரும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"பதினேழு... ஒண்டு கேட்கலாமே?"

"கேளுங்கோ."

"இவ்வளவு வாய் இருக்கு. ஏன் இன்னும் கலியாணம் கட்டேல்லை?"

முதல் குகை வந்தது... நீலம்... பஸ் முழுக்க நீலம்... அவன் முகத்தில் இருந்த பகிடி அந்த நீலத்தில் கரைந்துபோனது.

"தகுதியில்லை எண்டு நினைச்சன்," என்றான். "ஏழு வருசத்துக்கு முதல் ஒரு பிழை விட்டனான். ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நீங்கள் இண்டைக்குக் கண்டு, நாளைக்கு மறக்கப்போற ஆள்... அதால சொல்லலாம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு மலைக்குள்ளே அதுதான் நடந்தது.

"ஹைகேட் கோயிலில ஒரு பெட்டையைப் பார்க்கச் சொல்லி அம்மா அனுப்பினவ. மாடு பார்க்கிற மாதிரி ஒருத்தியைப் போய்ப் பார்க்கிறதோ எண்டு எனக்குப் பெரிய கொள்கை. ஆர்ச்வேயில இறங்கினனான்... மலையில ஏறேல்லை. ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு கடைக்குள்ள இருந்து தேத்தண்ணி குடிச்சனான். போகேல்லை எண்டு சொன்னா அம்மா அடுத்த வெள்ளிக்கு ஒழுங்கு பண்ணுவா. அதால போனை எடுத்து..."

"எடுத்து?"

"'பார்த்தனான்... பிடிக்கேல்லை' எண்டு சொன்னனான்."

இரண்டாவது குகை கடந்துபோனது. அவள் கவனிக்கவில்லை.

பார்க்கவேயில்லை! கண்ணாடிக்கு முன்னால் நின்று, 'மூக்கா... நிறமா... சிரிப்பா... எது பிடிக்கவில்லை?' என்று எத்தனை தரம் தேடியிருப்பாள்! இல்லாத ஒன்றையா தேடிக்கொண்டிருந்தாள்?

"அந்தப் பெட்டையின்ர பேர் என்ன?" என்று கேட்டாள்.

"அம்மா சொன்னவ. நான் காதில போடேல்லை. போட்டோவையும் திறக்கேல்லை. பிறகு ஒருநாள் சண்டையில அம்மா சொல்லிப்போட்டா... அந்தப் பிள்ளை அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் சம்மதிக்கேல்லையாம் எண்டு. அண்டைக்குத்தான் விளங்கிச்சு, என்ர கொள்கை ஆரின்ர தலையில விடிஞ்சிருக்கெண்டு."

"என்ர பேர் கம்சிகா," என்றாள். "சிவானந்தன்ர மகள். மஞ்சள் சீலை கட்டிக்கொண்டு, கோயில் பூட்டும்வரைக்கும் நிண்டனான்."

அவன் முழுக்க அவள் பக்கம் திரும்பினான்.

"அப்பாவுக்குக் கால் ஏலாது. அந்தக் காலைப் பார்த்துத்தான் நீங்கள் வேண்டாம் எண்டனீங்கள் எண்டு நினைச்சவர். அதுக்குப் பிறகு என்னோட சேர்ந்து நடக்கேல்லை... ஒரு போட்டோவுக்கும் நிக்கேல்லை... ரெண்டு வருசத்துக்கு முதல் தவறிட்டார். அந்த நினைப்போடயே..."

மூன்றாவது குகையின் நீலம் அவன் முகத்தில் அடித்தது.

"எந்தக் கால்?" என்று கேட்டான்.

"என்ன?"

"அப்பாவுக்கு... எந்தக் கால் ஏலாது?"

"இடது. இப்ப அது என்னத்துக்கு உங்களுக்கு?"

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு வார்த்தை இல்லை. எந்தக் கால் என்றா கேட்பது? அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழும்பி, ஓடுகிற பஸ்ஸில் சீற்றுக்குச் சீற் பிடித்துக்கொண்டு போய், அம்மாவின் காலடியில் இருந்த படியில் உட்கார்ந்தாள்.

"என்ன பிள்ளை, முகம் ஒருமாதிரி இருக்கு?"

"தலை சுத்துது அம்மா."

சுரங்கம் முடிந்தது. வெளியே மழை விட்டு, வெயில் பளீர் என்று அடித்தது. எல்லாரும் "ஆ..." என்றார்கள். அவளுக்கு மட்டும் கண்ணைத் திறக்க முடியவில்லை.

ஃப்ளோம் என்ற ஊரில் இரவு தங்க இறங்கும்போது அவன் கிட்ட வந்தான். "கம்சிகா... அம்மாவிட்ட நானே எல்லாத்தையும்..."

"வேண்டாம். அம்மா இப்பதான் சிரிக்கத் தொடங்கியிருக்கிறா. ஒண்டும் சொல்லாமல் போங்கோ."

"உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும்... அண்டைக்கு..."

"போங்கோ எண்டனான்!"

அவன் போனான். விடிய முதல் ரயிலில் ஒஸ்லோவுக்குத் திரும்பிவிட்டான்.

அடுத்த நாள் காலை எண்ணிக்கை. "பதினைஞ்சு!" "பதினாறு!" அதோடு நின்றது. ஒரு மூச்சு நேரம் பஸ்ஸே காத்திருந்தது. பிறகுதான் இராசரத்தினத்துக்கு ஞாபகம் வந்தது. "ஓ... பதினேழு போயிட்டார் என்ன... சரி, பதினெட்டு?" அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

லண்டனுக்கு வந்து ஆறு கிழமை ஓடிவிட்டது. வேலைக்குப் போனாள், வந்தாள், எக்ஸ்ரே திரை நிறைய எலும்புகளைப் பார்த்தாள். கோபம் குறையவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கோபத்தைத் தேடிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு வாஃபிள் தட்டும், இமையில் தொங்குகிற ஒரு மழைத்துளியும்தான் கிடைத்தன.

ஒரு வெள்ளிக்கிழமை பின்நேரம் அம்மா போனை வைத்துவிட்டுச் சொன்னார்.

"இராசரத்தினம் மாஸ்டர்தான். எங்களோட வந்த அந்தப் பெடியன் இருக்கெல்லோ, பதினேழு... ஒவ்வொரு வெள்ளியும் ஹைகேட் கோயில் படியில வந்து நிக்கிறானாம். உள்ளுக்கும் போறானில்லையாம். பூட்டும்வரைக்கும் நிண்டிட்டுப் போறானாம். பாவம், என்ன வேண்டுதலோ..."

கம்சிகாவின் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது.

"அம்மா... நான் ஒருக்கா வெளிய போயிட்டு வாறன்."

கோலியர்ஸ் வுட்டும் ஆர்ச்வேயும் ஒரே நோர்தேர்ன் லைன் ரயில்பாதையில்தான். மாறவே தேவையில்லை, ஏறி இருந்தால் கொண்டுபோய் விடும். அந்த ஒரு ரயில் தூரத்தைத்தான் ஏழு வருசமாக அவள் போகவில்லை. ரயில் நிலத்துக்குக் கீழே ஓடியது. கறுப்புக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. அப்பா இருந்தபோதும் போன பிறகும் நாலு கலியாணப் பேச்சு வந்தது. நாலு படம் வந்தது. ஒன்றையாவது திறந்தாளா? "வேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவர்களுக்கு என்ன சொல்லியிருப்பார்? 'பிள்ளை பார்த்தவ... பிடிக்கேல்லையாம்' என்றுதானே! எங்கேயோ நாலு வீட்டில் நாலு பேர் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருப்பார்களே... அவன் ஒருதரம் செய்ததை அவள் நாலு தரம் செய்திருக்கிறாள்.

ஆர்ச்வேயில் மழை. அப்பாவின் பெரிய கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு மலை ஏறினாள். கோயில் வாசலில், படியின் ஓரத்தில், நனைந்த சட்டையோடு அவன் நின்றான். அவளைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"எவ்வளவு நேரமா நிக்கிறியள்?"

"நேரத்துக்கு வரவேண்டிய நாளில வரேல்லையே..." என்றான். "நீங்கள் வருவியள் எண்டு நிக்கேல்லை, கம்சிகா. அவர் நிண்ட அளவுக்காவது நானும் நிக்கவேணும் எண்டு நினைச்சன். உள்ளுக்குப் போக முகமில்லை."

"ஏன் எந்தக் கால் எண்டு கேட்டனீங்கள்?"

அவன் மலைச்சரிவைப் பார்த்தான். கீழே ஸ்ரேசன் பக்கத்துக் கடைகளின் வெளிச்சம் மழையில் கலங்கித் தெரிந்தது.

"அண்டைக்கு அம்மாவுக்குப் போன் எடுத்த பிறகு உடன எழும்பேல்லை. மழை. இன்னொரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் இருந்தனான். கோயில் பூட்டியிருக்கவேணும்... மேல இருந்து ஒரு அப்பாவும் மகளும் இறங்கி வந்தினம். அவர் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். மகள் குடையை முழுக்க அவருக்குப் பிடிச்சுக்கொண்டு தான் நனைஞ்சா. மஞ்சள் சீலை... தோளெல்லாம் ஈரம். ஏதோ சொன்னா. அவர் நடுத்தெருவில நிண்டு அப்பிடிச் சிரிச்சார்... அவவும் சிரிச்சா..."

அவள் குடையைச் சரித்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தேத்தண்ணி ஆறிப்போச்சு. நான் பார்த்துக்கொண்டே இருந்தனான். இப்பிடி ஒருத்தியை அம்மா எனக்குப் பார்த்திருக்கக்கூடாதோ எண்டு நினைச்சனான், கம்சிகா! அந்தப் பொம்பிளைப் பகுதியில கால் ஏலாத ஆள் இருக்கெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. அது நீங்கள்தான் எண்டு அந்தச் சுரங்கத்துக்குள்ளதான் எனக்குத் தெரிஞ்சது. உங்களை நான் பார்த்தனான். ஒரு அரை மணித்தியாலம் பிந்திப் பார்த்தனான்."

மழை குடையில் தாளம் போட்டது. கம்சிகா அழுதாள். தெருவோரம், கோயில் வாசல், பார்க்கிற சனம் ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன சொல்லி அவரைச் சிரிக்க வைச்சனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அப்பா, மாப்பிள்ளை வாசல்வரைக்கும் வந்து, நீங்கள் சப்பாத்துத் தட்டடியில நிக்கிறதைப் பார்த்திட்டு, சப்பாத்துக்குக் காசு கேட்கிற ஆள் எண்டு பயந்து ஓடியிருப்பார் எண்டனான்..."

அவன் சிரிக்கப் பார்த்தான். அது வேறு எதுவாகவோ முடிந்தது. சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

"அம்மா... ஹைகேட் கோயிலடியில நிக்கிறன். பொம்பிளையைப் பார்த்தனான்."

"எந்தப் பொம்பிளையடா? ஆரை?" அந்தப் பக்கத்துக் குரல் அவளுக்கும் கேட்டது.

"ஏழு வருசத்துக்கு முதல் நீங்கள் பார்க்கச் சொன்ன பொம்பிளைதான். சிவானந்தன்ர மகள். அண்டைக்கு நான் பார்க்காமல் பொய் சொன்னனான் அம்மா. இப்ப பார்த்திட்டன். எனக்குப் பிடிச்சிருக்கு... நல்லாப் பிடிச்சிருக்கு. அவவுக்கு என்னைப் பிடிக்குமோ தெரியாது."

திறந்திருந்த கதவுக்குள்ளே சப்பாத்துத் தட்டு தெரிந்தது. யாரோ ஒரு பெரியவர் குனிந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்த இடத்தையே பார்த்தாள். 'அப்பா... அவர் என்னைப் பார்க்கவேயில்லையாம். பிறகு பார்த்தவராம். உங்களோட சேர்த்துத்தான் பார்த்தவராம் அப்பா... இழுத்து இழுத்து நீங்கள் நடந்ததோட சேர்த்துத்தான் பிடிச்சதாம்...'

ஒரு படி மேலே ஏறிக் குடையை உயர்த்தினாள். அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

"எனக்கும்தான் எண்டு சொல்லுங்கோ அம்மாட்டை."

அவன் நம்பாமல் பார்த்தான். போனில் அம்மா "ஹலோ... ஹலோ..." என்றுகொண்டிருந்தார்.

"ஒஸ்லோவில முறுக்கு உடைஞ்ச நேரத்தில இருந்து பிடிச்சிருக்கு எண்டு சொல்லுங்கோ..." என்றாள். "அதோட, இந்தப் பதிலை எங்கட வீட்டில ஒரு ஆள் கேட்காமலே போயிட்டார் எண்டும் சொல்லுங்கோ."